காயப்பட்டோர் பட்டியல்



ஜூலை மாதத்தின் மூன்றாம் வாரம் வந்துவிட்டால் நாங்கள் வாழும் இந்த டாலஸ் வட்டாரத்தில் பேச்சு ஒன்றே. ஆராதனை முடிந்து காபி அருந்தும் இடத்திலும், வாலிபர் கூட்டத்திலும், சில வேளைகளில் (மன்னிக்கவும்) ஜெபக்கூட்டத்திற்கு ஐந்து நிமிடம் முன்பு வரையிலும், கௌபாய்ஸ் அணியைப் பற்றிய விசாரணையே நடக்கிறது. இந்த ஆண்டு எடுக்கப்பட்ட ரூக்கிகள் தேறுவார்களா? இன்னாருடைய முழங்கால் ஆறிவிட்டதா? பயிற்சி முகாமுக்கு யார் வருவார், யார் மருத்துவர் கையில் இருப்பார்? சபையாரின் சரீர சுகத்தைப் பற்றி இத்தனை ஆவலாய் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டால் போதகருக்கு வேலை பாதி குறையும் என்று நான் வேடிக்கையாய்ச் சொல்வதுண்டு.

தாயகத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே கால்பந்து என்பது நம் ஊரில் ஆடப்படும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்து. பெரும்பாலும் கையினால் எறியப்படுவதும் சுமக்கப்படுவதுமாய் இருக்கும். ரூக்கி என்றால் கல்லூரியிலிருந்து முதன்முறையாகத் தொழில்முறை அணிக்கு வரும் புதியவர். ஏப்ரலில் டிராஃப்ட் என்னும் தெரிவு நடக்கும். ஏழு சுற்றுகளாக அணிகள் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும். ஜூலை இறுதியில் முகாம் திறக்கும்போது ஓர் அணியில் 90 பேர் இருப்பார்கள். செப்டம்பரில் பருவம் தொடங்கும்போது 53 பேருக்கே இடம். ஆகையால் முகாம் என்பது ஆயத்தம் மட்டுமல்ல, பிரித்தெடுத்தலும்கூட.

முகாமின் முதல் நாளில் பந்து முக்கியமல்ல, மருத்துவர் முக்கியம். ஒவ்வொரு வீரரும் பரிசோதிக்கப்பட வேண்டும். தேறாதவரை, விளையாட உடல்தகுதி அற்றவர் என்ற பட்டியலில் வைப்பார்கள். அவர் குணமானவுடன் எந்த நாளிலும் அதிலிருந்து வெளியே வரலாம். ஆனால் இந்த விதியில் ஒரு நுணுக்கம் உண்டு. வலியை மறைத்து, தேறிவிட்டதாகச் சொல்லி, ஒரே ஒரு நாள் பயிற்சியில் கலந்துகொண்டாலும், பிறகு அந்த ஆண்டு அப்பட்டியலின் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது. முதல் நாளிலேயே உண்மையைச் சொன்னவனுக்கே அந்த அடைக்கலம். இதை என் மகன் எனக்கு விளக்கியபோது நான் சற்று நேரம் மௌனமாய் இருந்தேன். காரணம் பின்னால் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டின் கோடைக்காலத்தை இவ்வாரம் நான் மறுபடியும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவ்வாண்டு ஜனவரி 1ஆம் தேதி அரிசோனாவில் ஃபியஸ்டா பௌல் என்னும் கல்லூரி ஆட்டம் நடந்தது. ஒகாயோ ஸ்டேட் அணியின் எசக்கியேல் எலியட் அன்று நான்கு டச்டவுன்கள் அடித்தார். எதிரணியான நோட்டர் டேமின் ஜெய்லன் ஸ்மித், நாட்டின் தலைசிறந்த லைன்பேக்கர் என்று பரிசு பெற்றவர், முதல் கால் பகுதியிலேயே முழங்கால் முறுக்கி விழுந்தார். மூட்டை இறுகப் பிடித்திருக்கும் நார்கள் கிழிந்தன. அதைவிடக் கொடியது, காலுக்குச் செல்லும் நரம்பு இழுபட்டுச் செயலிழந்தது. பாதத்தைத் தூக்க முடியாமல் போயிற்று. அறுத்த நாரைத் தைக்கலாம். நரம்பு தானே வளரவேண்டும், மாதத்திற்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். எந்தச் சிகிச்சையாலும் அதை விரைவுபடுத்த முடியாது. ஒரே புல்வெளி, ஒரே மாலை. ஒருவனுக்குக் கிரீடம், ஒருவனுக்கு ஊன்றுகோல். ஏப்ரலில் டாலஸ் அணி இருவரையுமே எடுத்தது. எலியட் நாலாவது தெரிவு. முதல் ஐந்துக்குள் எடுக்கப்படுவார் என்று பேசப்பட்டிருந்த ஸ்மித் 34ஆவது. அவருக்கு அறுவை செய்தவர் கௌபாய்ஸ் அணியின் மருத்துவரே. அந்த முழங்காலின் உள்ளே இருப்பதை அறிந்த மனிதர். அந்த ஆண்டு முழுவதும் ஆடமுடியாது என்று அறிந்தே அவரைத் தெரிந்துகொண்டார்கள். பலர் நகைத்தார்கள்.

ஸ்மித்தை வைத்த பட்டியலின் பெயர் விசித்திரமானது: கால்பந்து சாராத காயம். கால்பந்து ஆடும்போதே உண்டான காயம்தான்! ஆனால் இந்த அணிக்காக ஆடும்போது உண்டானதல்ல என்பதால் சட்டத்தின் பார்வையில் அது சாராத காயம். அப்பட்டியலில் பருவத்தைக் கழிக்கும் வீரருக்குச் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம்கூட அணிக்கு இல்லை. நம் சபைகளிலும் இப்படி ஒரு பட்டியல் எழுதப்படாமல் இருக்கிறதல்லவா? வேறு சபையில் காயப்பட்டு நம்மிடம் வந்தவர்களை நாம் எத்தனை பொறுமையாய்ச் சுமக்கிறோம்?

அதே டிராஃப்டில் நாலாம் சுற்றில் இன்னொருவர் வந்தார். டாலஸ் அணி ஒரு இளைய குவாட்டர்பேக்கைத் தேடிற்று. முதலில் பாக்ஸ்டன் லிஞ்ச் என்பவரை விரும்பினார்கள்; டென்வர் முந்திக்கொண்டது. அந்த வாய்ப்புத் தவறியதைக் குறித்த வருத்தத்தை அணியின் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் மறைக்கவில்லை. பிறகு கானர் குக். ஓக்லண்ட் அணி டாலஸுக்கு ஒரே ஒரு இடம் முன்பாக, நூறாவது தெரிவில், அவரைக் கொண்டுபோயிற்று. ஆகவே 135ஆவது இடத்தில் டாக் பிரெஸ்காட். அந்த ஆண்டு எடுக்கப்பட்ட குவாட்டர்பேக்குகளில் எட்டாமவர். ஈசாயின் வீட்டில் எட்டாம் மகனை ஆட்டு மந்தையிலிருந்து அழைத்துவரச் சொன்ன சாமுவேலை நினைக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை. ஆனால் இந்த ஒப்புமையை நான் அதிகம் நீட்டப் போவதில்லை. விளையாட்டு வீரனைத் தாவீதாக்குவது இந்நாட்டுப் பிரசங்கிகளின் பழைய பலவீனம்.

பிரெஸ்காட் மூன்றாமவராக முகாமுக்குப் போனார். முகாம் கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில், கடற்காற்று வீசும் ஊரில். (டெக்சாஸின் ஆகஸ்டு வெயிலை அனுபவித்தவர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்கள். 2001இல் மின்னசோட்டா அணியின் கோரி ஸ்ட்ரிங்கர் முகாமின் வெப்பத்தில் மயங்கி விழுந்து மரித்தார்; அவருக்கு வயது 27.) ஆகஸ்டு 2ஆம் தேதி இரண்டாம் குவாட்டர்பேக்கான கெல்லன் மோருக்குப் பயிற்சியில் கால் எலும்பு முறிந்தது. முதல்வர் டோனி ரோமோ. 36 வயது. முந்தைய ஆண்டு காறை எலும்பு இருமுறை முறிந்தவர்; அவ்வாண்டு அணி 16 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்றிருந்தது. ஆகஸ்டு 25 வியாழன் இரவு சியாட்டிலில் வெள்ளோட்ட ஆட்டம். மூன்றாவது நகர்விலேயே ரோமோ சறுக்கி விழ, பின்னாலிருந்து வந்தவர் அவர்மேல் மோத, உடல் முன்பக்கம் மடிந்தது. அவர் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கணத்தில் நானும் என் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

ஏனெனில் நான் அன்று படுக்கையில் இருந்தேன். அப்போது எனக்கு 48 வயது. இடுப்புத் தண்டுவடத்தில் வட்டு ஒன்று பிதுங்கி, இடது கால் மரத்துப்போய், மூன்று மாதம் நிற்கவோ பயணம் செய்யவோ கூடாது என்று மருத்துவர் கட்டளையிட்டிருந்தார். பதினான்கு வயது மகன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எனக்கு ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தான். ரோமோ எழுந்து நடந்தார். மறுபடியும் ஆட்டத்திற்குள் போக விரும்பினார். "பார், ஒன்றுமில்லை" என்றேன். "அப்பா, எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றான். ஓரிரு நாளில் முதுகெலும்பில் முறிவு என்று அறிவித்தார்கள்.

எங்கள் சபையிலும் அவ்வாண்டு ஒரு ரூக்கி இருந்தார். இறையியல் கல்லூரிப் படிப்பை முடித்து, உதவிப் போதகராக வந்து ஐந்து மாதமான இளைஞர். 27 வயது. நான் படுத்ததும் பிரசங்க பீடம் அவர் கைக்குப் போயிற்று. முதல் ஞாயிற்றுக்கிழமை நான் அவருக்கு நாலு பக்கக் குறிப்பு அனுப்பினேன். எந்தப் பாட்டு, எந்த வேதபாகம், யார் பெயரை ஜெபத்தில் சொல்லவேண்டும் என்பது வரை. அவர் அதை வாங்கிக்கொண்டு, தம் வழியில் செய்தார். 22 நிமிடப் பிரசங்கம். நான் 45 நிமிடத்திற்குக் குறைந்ததில்லை. பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசினார். பின்வரிசையில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் தலை நிமிர்ந்தார்கள் என்று என் மனைவி வந்து சொன்னாள். சந்தோஷமாய்த்தான் சொன்னாள். நானும் ஸ்தோத்திரம் என்றேன்.

அங்கே பிரெஸ்காட் தலைமையில் அணி முதல் ஆட்டத்தில் ஒரே புள்ளியில் தோற்று, பிறகு தொடர்ந்து பதினொன்றை வென்றது. இங்கே காணிக்கை குறையவில்லை, வருகை கூடிற்று. சபையின் மூத்த மூப்பர் ஒருவர் பழங்கள் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். "ஐயா, நீங்க அவசரப்படாதீங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க. தம்பி நல்லாப் பார்த்துக்கிறார்" என்றார். அன்போடு சொன்ன வார்த்தை. அவர் போனபின் அந்த ஆப்பிள் பழங்களை நான் இரண்டு நாள் தொடவில்லை.

ஏழாம் வாரத்தில், மருத்துவர் குறித்த மூன்று மாதம் முடியுமுன்னே, வலி இல்லையென்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பீடத்தில் ஏறினேன். இருபதாவது நிமிடத்தில் இடது கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் ஆயிற்று. பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இளைய போதகர் ஒரு வார்த்தையும் பேசாமல் பாடகர் குழுவிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவந்து எனக்குப் பின்னால் வைத்தார். நான் உட்காரவில்லை. சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கையில், அந்த நாற்காலியில் உட்காராமல், இன்னும் பதினைந்து நிமிடம் பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. தாழ்மையைக் குறித்தாய் இருந்திருக்கலாம்.

நவம்பர் 15ஆம் தேதி ரோமோ பத்திரிகையாளர் முன் வந்தார். முதுகு ஆறிவிட்டது, விளையாடத் தகுதி உண்டு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இடம்தான் இல்லை. எழுதிவைத்த தாளைப் பார்த்து வாசித்தார். குரல் சற்றே இடறியது. அந்த இடத்தைப் பிரெஸ்காட் உழைத்துப் பெற்றிருக்கிறார் என்றும், காயப்பட்டு ஒதுங்கியவனின் மனதில் எழும் இருட்டு என்னவென்றும், எவருக்கும் இரண்டு போராட்டங்கள் உண்டு, ஒன்று எதிரே நிற்கும் மனிதனோடு, மற்றது தனக்குள்ளே இருக்கும் மனிதனோடு என்றும் அவர் பேசியதன் சாரம். அவரும் ஒருகாலத்தில், 2003இல், எந்த அணியும் டிராஃப்டில் தெரிந்துகொள்ளாத ரூக்கியாக வந்தவரே. 2006இல் ட்ரூ பிளெட்சோ என்ற மூத்தவரின் இடத்தில் அமர்த்தப்பட்டவரே. அந்த பிளெட்சோவும் 2001இல் வேறோர் அணியில் காயப்பட்டபோது தம் இடத்தை டாம் பிரேடி என்ற, அன்று பெயர் தெரியாத இளைஞரிடம் இழந்தவர். பெஞ்சு என்பது அப்படி ஒரு பரம்பரைச் சொத்து.

அந்தப் பேச்சை நான் மூன்று முறை கேட்டேன். கேட்டுவிட்டு நான் செய்தது என்ன? அதே மாதத்தில் சபைக் குழு என்னிடம், இவரை நிரந்தரமாக இணைப் போதகராக ஏற்படுத்தலாமா, உங்கள் அபிப்பிராயம் என்ன என்று எழுத்தில் கேட்டது. நான் 1 தீமோத்தேயு 3:6ஐக் குறிப்பிட்டு, நூதன சீஷனை அவசரமாய் உயர்த்துவது அவருக்கே கண்ணியாகும், இன்னும் இரண்டு ஆண்டு பொறுக்கலாம் என்று பதில் எழுதினேன். வேத வசனம் சரிதான். பவுல் எழுதிய காரணமும் சரிதான். அந்தத் தாளில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. எழுதின மனிதனே பொய்யாய் இருந்தான். பெருமையினால் விழக்கூடியவர் யார் என்பதை அந்த வசனத்தைப் பிரதி எடுக்கும்போதே நான் அறிந்திருந்தேன். அடுத்த ஆண்டு அவர் வேறு மாநிலத்திற்கு ஊழியம் மாறிப் போனார். விடைபெறும்போது என் பையைக் கார் வரைக்கும் சுமந்துவந்தார், என் முதுகுக்காக.

இதை இதுவரை நான் எழுதினதில்லை.

முதலாம் சாமுவேல் 30ஆம் அதிகாரத்தை இந்த நாட்களில் மெதுவாய் வாசித்துவருகிறேன். சிக்லாகு எரிந்துகிடக்கிறது. தாவீதும் அறுநூறு பேரும் அழுவதற்குப் பெலனில்லாமல் போகுமட்டும் அழுது, அமலேக்கியரைத் தொடர்கிறார்கள். பேசோர் ஆற்றண்டையில் இருநூறு பேர் விடாய்த்துப்போய் ஆற்றைக் கடக்கமாட்டாமல் நின்றுவிடுகிறார்கள். ஒரே ஊரை இழந்தவர்கள், ஒரே பாதையில் நடந்தவர்கள். இவர்கள் சரீரம் மட்டும் முந்திக் கைவிட்டது. இந்த இடத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் அதே அதிகாரத்தில் வேறொரு நோயாளி இருப்பதை இந்த ஆண்டுதான் சேர்த்துக் கண்டேன். வெளியில் விழுந்துகிடந்த எகிப்திய வாலிபன். மூன்று நாளுக்கு முன் வியாதிப்பட்டான் என்பதால் அவன் அமலேக்கிய எஜமான் அவனை விட்டுவிட்டுப் போயிருந்தான். இரண்டு சேனைகள், இரண்டிலும் நடக்கமாட்டாதவர்கள். ஒரு சேனை விட்டுவிட்டுப் போகிறது. மற்ற சேனை ரஸ்துகளண்டையில் உட்காரவைத்து, திரும்பி வந்து சமமாய்ப் பங்கு கொடுக்கிறது. அதுவும் சுலபமாய் நடக்கவில்லை. தாவீதின் கூட்டத்திலேயே கொடுக்கக்கூடாது என்றவர்கள் இருந்தார்கள். வேதம் அவர்களைப் பொல்லாதவர்கள் என்றே அழைக்கிறது. தாவீது அதை அந்நாள் முதல் கட்டளையாக்கினான்.

ஆனால் என் கேள்வி இப்போது வேறு. ஆற்றங்கரையில் உட்கார்ந்த இருநூறு பேரும், நானூறு பேர் ஜெயத்தோடு திரும்பி வந்தபோது, எழுந்து அவர்களுக்கு எதிர்கொண்டு போனார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. நான் எதிர்கொண்டு போகவில்லை. நான் கரையில் உட்கார்ந்து, அவர்கள் தோற்றுத் திரும்புவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

லேவியருக்குக் கொடுக்கப்பட்ட முறைமையும் நினைவுக்கு வருகிறது. எண்ணாகமம் 4ஆம் அதிகாரத்தில் ஊழியம் தொடங்கும் வயது 30. எட்டாம் அதிகாரத்தில் 25. முரண்பாடு ஏன் என்று இறையியல் கல்லூரியில் நாங்கள் வாதாடியதுண்டு. யூத ரபீமாரின் விளக்கம் எளியது: ஐந்து ஆண்டு கற்றுக்கொள்ளும் காலம். அதாவது ஆசரிப்புக் கூடாரத்திலும் ரூக்கிகள் இருந்தார்கள். வாதாடிய காலத்தில் நாங்கள் கவனியாமல் விட்டது அடுத்த வசனங்கள். 50 வயதில் லேவியன் வேலையை விட்டு ஓயவேண்டும். ஆனால் வீட்டுக்குப் போகவேண்டும் என்றல்ல, தன் சகோதரருக்கு உதவியாய்க் காவல் காக்கவேண்டும். பாரம் சுமப்பது மட்டும் இளையவனுடையது. எனக்கு ஐம்பது கடந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

அந்த அணியின் கதையையும் முடித்துவிடுகிறேன். 13 வெற்றி, 3 தோல்வி. பின் கிரீன் பே அணியிடம் 34-31 என்று தோற்று வெளியேறினார்கள். பிரெஸ்காட் சிறந்த ரூக்கி விருது பெற்றார். ரோமோ கடைசியாய் ஒரே ஒரு முறை, ஒரு சில நகர்வுகளுக்கு மட்டும் களமிறங்கி, ஒரு டச்டவுன் எறிந்து, ஏப்ரலில் ஓய்வுபெற்று, தொலைக்காட்சியில் மற்றவர்களின் ஆட்டத்தை விளக்குகிறவரானார். ஜெய்லன் ஸ்மித் ஓராண்டு முழுவதும் காத்திருந்தார். 2017இல், பாதத்தைத் தூக்கிப்பிடிக்கும் கருவியைக் காலணிக்குள் அணிந்துகொண்டு, பதினாறு ஆட்டங்களிலும் ஆடினார். 2021 அக்டோபரில் அணி அவரை விடுவித்துவிட்டது. அதுவும் அந்த உலகின் வழக்கம்.

கடந்த ஆண்டு அந்த இளைய போதகருக்குத் தொலைபேசியில் பேசி, 2016இல் நான் எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. "ஐயா, அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றார். பிறகு தம் சபையில் கட்டும் ஞாயிறு பள்ளிக் கட்டடத்தைப் பற்றிப் பேசினார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஆம் என்று சொல்லவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார் என்று தோன்றிற்று.

வருகிற வாரம் எங்கள் சபைக்குப் புதிய உதவிப் போதகர் வருகிறார். 26 வயது. தங்குவதற்கு மேல்மாடி அறையைப் பெண்கள் ஐக்கியத்தார் ஆயத்தம் செய்திருக்கிறார்கள். செப்டம்பர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம், நாலாம் ஞாயிறுகளில் பிரசங்கம் அவருடையது என்று சபை நாள்காட்டியில் மையினால் எழுதிவிட்டேன். பென்சிலால்தான் முதலில் எழுதினேன்.

முதுகு மறுபடியும் தொந்தரவு செய்கிறது. செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்கவேண்டும். இப்போது வேறு ஊரில் வேலை செய்யும் மகனிடமிருந்து நேற்று ஒரு குறுஞ்செய்தி வந்தது: "அப்பா, செவ்வாய்க்கிழமை ஃபிசிகல். முதல் நாளே உண்மையைச் சொல்லிடுங்க."

சரி என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.